எப்சி சென்னை, எப்சி பெங்களூர், எப்சி பம்பாய்

பெத்தேல்விளை ரத்தினபாயின் மகள் எப்சிபாவுக்கு ஒரே செவ்வாய்க்கிழமையில் மூன்று ஊர்களிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது, சென்னையிலிருந்து ஒன்று, பெங்களூரிலிருந்து ஒன்று, பம்பாயிலிருந்து ஒன்று. மறுநாள் காலை அவள் முற்றத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போன் அடித்தது, எடுத்தால் எப்சிபாவே பேசினாள்.

"எம்மா, நான்தான். வந்து சேந்துட்டேன். ரூம்ல ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, நல்லாப் பழகுதாங்க. தண்ணிதான் உப்பா இருக்கு."

ரத்தினபாய் வழக்கம்போல "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் இட்லி என்று பதில் வந்த பிறகுதான் தலையைத் தூக்கி, எண்ணெய் வழியும் நெற்றியோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து ஓர் அழைப்பு, குளிர் தாங்கவில்லை, போர்வை வாங்க வேண்டும் என்று. சாயங்காலம் பம்பாயிலிருந்து ஒன்று, ரயில் இரைச்சலுக்கு நடுவே, ஒன்றும் பயமில்லை அம்மா என்று. மூன்று எண்ணிலும் அதே குரல், அம்மாவிடம் பொய் சொல்லும்போது கடைசி வார்த்தையை விழுங்குகிற அதே பழக்கம். ரத்தினபாய் தபாலாபீஸுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், எந்தத் தாளையும் பெயரெழுதித் தனித்தனியாக அடுக்கிப் பழகியவள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று எண்களையும் 'எப்சி சென்னை', 'எப்சி பெங்களூர்', 'எப்சி பம்பாய்' என்று போனில் பதிந்துவைத்தாள்.

எப்சிபா ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் படிப்பு படித்தவள், சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில். அப்பா தங்கராஜ் பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்தார், முப்பது வருடமாக மெட்ராஸ் பஸ்ஸையும் பெங்களூர் பஸ்ஸையும் விசில் ஊதி அனுப்பியவர், ஒன்றிலும் ஏறியதில்லை. மூன்று கம்பெனிகளும் ஜூன் முப்பதுக்குள் பதில் கேட்டிருந்தன. அதற்கு நான்கு வாரம் இருந்தது.

விஷயம் ஊருக்குள் பரவியபோது முதல் இரண்டு நாள் ஜனங்கள் கடைக்கு வந்து போனில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள், மூன்றாம் நாள் செம்மணல் தேரிமேட்டில் டவர் வைத்ததால் இப்படி ஆகும் என்று லைன்மேன் ஒருவர் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், நான்காம் நாள் அதுவே ஒரு வசதியாகிவிட்டது. போதகர் ஞாயிறு ஆராதனையில் சென்னையிலும் பெங்களூரிலும் பம்பாயிலும் இருக்கும் நம் சபையின் மகள் எப்சிபாவுக்காக என்று ஜெபம் பண்ணினார், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எப்சிபாவும் ஆமென் சொன்னாள். சென்னையில் மகன் இருக்கிற ஒருத்தி, அவனை ஒரு எட்டு போய்ப் பார்த்துச் சொல் என்று எப்சி சென்னையிடம் கேட்க, அவள் போய்ப் பார்த்துவிட்டு, உங்க மருமக நல்ல மாதிரி அக்கா, கல்யாணத்துக்கு என்னை ஏன் கூப்பிடல என்று சொல்ல, கல்யாணமே ஆகாத மகனைப் பெற்ற அந்த அம்மாள் அன்றே எதிர்க்கடைத் தையல்காரி செல்லக்கனியிடம் பட்டு ரவிக்கைக்கு அளவு கொடுத்தாள்.

அப்போதுதான் அங்கே காலம் வேகமாக ஓடுகிறது என்பது தெரிந்தது. இங்கே ஒரு வாரம் என்றால் அங்கே ஒரு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று எப்சிகளும் கிறிஸ்துமஸ் வாழ்த்து சொன்னார்கள். முதல் ஞாயிறு கேக் வாங்கியதாகச் சொன்ன எப்சி பம்பாய், அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள், சனிக்கிழமை கல்யாணத்துக்கு வரச் சொன்னாள், எப்படி வருவது என்று ரத்தினபாய் திகைத்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது அம்மா என்றாள். எப்சி பெங்களூர் வாரத்துக்கு ஒரு பதவி உயர்ந்தாள். எப்சி சென்னை மட்டும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, வெயில், தண்ணீர் லாரி, வேளச்சேரியில் ஒரு அறை, டயாலிசிஸ் வார்டில் தினமும் பார்க்கும் ஒரு கிழவர் வராமல் போனது, அவ்வளவுதான்.

ஊர் மூன்றாகப் பிரிந்தது. பஸ் நிலையத்து டிரைவர்கள் எல்லாரும் பெங்களூர். கோயில் தெருப் பெண்கள், கல்யாணம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பம்பாய். சென்னைக்கென்று பேச, ரவிக்கை தைக்கக் கொடுத்த அந்த அம்மாளும் இன்னும் இரண்டு பேரும். எப்சிபா தெருவில் போனால் அவளிடம் யாரும் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை, உன் போன் வந்ததா, உனக்கு அங்கே என்ன விசேஷம் என்று கேட்டார்கள், கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தார்கள். ஒரு மத்தியானம் அவள் அடுக்களையில் போய்ப் பார்த்தபோது சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. காலையிலிருந்து மூன்று தடவை சாப்பிட்டாயா என்று கேட்டு மூன்று தடவையும் ஆச்சு என்ற பதிலை வாங்கிக்கொண்ட ரத்தினபாய், மகள் சாப்பிட்டுவிட்டாள் என்றே நினைத்து மிச்சத்தைக் கோழிக்குப் போட்டிருந்தாள். அன்று எப்சிபா தேரிப்பக்கம் போய்ச் செம்மணலில் காலை அழுத்தி வைத்து எடுத்து, தடம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். விழுந்தது. ஆனாலும் திரும்பும் வழியில் இரண்டு தடவை நின்று, தடம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள்.

இரண்டாவது வாரம் முடிகிறபோது செல்லக்கனி அந்தக் காரியத்தைச் செய்தாள், கெட்ட எண்ணத்தில் அல்ல. ரத்தினபாய்க்குக் கடையில் கூட்டம், போன் அடித்தது, எதிர்க்கடையிலிருந்து வந்திருந்த செல்லக்கனி எடுத்தாள். எப்சி பெங்களூர் தான் புதிதாக வாங்கிய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எப்சிபா பால் வாங்கிக்கொண்டு போவதைச் செல்லக்கனி பார்த்தாள்.

"நீ எங்கட்டி கார் வாங்குனே, நீதான் இன்னும் ஊரவிட்டே போகலியே. இந்தா, என் கண்ணு முன்னால பால் செம்போட போறே."

அந்தப் பக்கம் கார்க் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மிகச் சன்னமாக, "அக்கா, அவ இன்னும் முடிவே பண்ணலியா?" என்று குரல் வந்தது, லைன் அறுந்துபோனது.

அடுத்த இரண்டு நாள் போன் அடிக்கவில்லை. ஒருத்திக்குத் தெரிந்தது மூவருக்கும் தெரிந்துவிட்டது, எப்படித் தெரிந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஒரே ஆள்தானே. மூன்றாம் நாளிலிருந்து அழைப்புகள் மாறிப்போயின. இப்போது அவர்கள் தங்கள் சமாசாரம் சொல்லவில்லை. அவள் என்ன செய்கிறாள், எந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தாள், யாரிடம் பேசினாள், எந்த ஊர்ப் பேரைச் சொல்லும்போது சிரித்தாள் என்று கேட்டார்கள், ஒருவர் வீட்டுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்பதுபோல. எப்சி பெங்களூர் அப்பாவின் எண்ணுக்கே பேச ஆரம்பித்து, உங்க முழங்காலுக்கு இங்க நல்ல டாக்டர் பார்த்து வச்சிருக்கேன் என்று சொன்னாள், அடுத்தநாளும் அதையே அதே வார்த்தைகளில் அதே இடத்தில் நிறுத்திச் சொன்னாள். எப்சி பம்பாய் எதுவும் சொல்லாமல் போனைக் குழந்தையின் வாய்ப்பக்கம் பிடித்தாள். ஆண் குழந்தை, யாபேஸ் என்று பேர், முதல் தடவை ரத்தினபாய் கேட்டபோது அது கொட்டாவி விட்டது.

எப்சி சென்னை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலையில் ஒருமுறை கூப்பிட்டாள். "எம்மா, இங்க மழை பெய்யுது" என்றாள். ரத்தினபாய் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பே வரவில்லை.

வெள்ளி வரவில்லை, சனி வரவில்லை, ஞாயிறு கிறிஸ்துமஸ் வாழ்த்தும் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஊர்ப்பெண்கள் சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல ஃபிளாஸ்கில் கடுங்காப்பி கொண்டுவந்தார்கள், வாசலில் செருப்பை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள், மூன்றாவது வருஷத்துல ஐப்பசி மழையில ஏதோ ஆயிருக்கு என்று ஒருத்தி சொன்னாள், கரண்ட் கம்பியா இருக்கும் என்று இன்னொருத்தி சொன்னாள், அந்தக் காப்பியில் ஒரு தம்ளர் எப்சிபாவுக்கும் கொடுத்தார்கள். தன்னுடைய சாவுக்கு வந்த காப்பியை அவள் நின்றுகொண்டே குடித்தாள். நாக்கு சுட்டது. போதகர் அடுத்த ஜெபத்தில் பெங்களூரையும் பம்பாயையும் மட்டும் சொன்னார்.

இனி இரண்டில் ஒன்று என்று ஊர் தீர்மானித்துவிட்டது. தங்கராஜ் ஒருநாள் மட்டும் மகளிடம், எங்கயும் போகவேண்டாம் பிள்ளே, இங்கேயே இரு, அரசாஸ்பத்திரியில ஏதாவது கிடைக்கும் என்றார். அப்ப மூணு பேரையும் நானே கொல்லணுமாப்பா என்று அவள் கேட்டாள். அவர் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார், அன்று விசில் ஊத மறந்து மதுரை வண்டி பத்து நிமிடம் நின்றது.

இத்தனை நாளும் எப்சிபா அந்தப் போனைத் தொட்டதில்லை. கடைசி வாரத்தில் தொட்டாள். முதலில் பெங்களூர்க்காரியிடம் பேசினாள், அப்பா பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் போட்டு. அந்தக் குரல் ரொம்ப அழகாக இருந்தது, எல்லாச் சொல்லும் இஸ்திரி போட்டதுபோல. சம்பளமும் வீடும் காரும் வந்து முடிந்த பிறகு எப்சிபா ஒன்றே ஒன்று கேட்டாள், உனக்கு எதற்காவது பயமிருக்கிறதா என்று. எனக்கு எதுக்குமே பயமில்லை, பயப்பட நேரமில்லை என்று பதில் வந்தது. எப்சிபா அந்தப் பதிலில் தன்னைத் தேடினாள். சின்ன வயதிலிருந்து கிணற்றுக்கும் நாய்க்கும் கணக்கு வாத்தியாருக்கும் பயந்த ஒருத்தியை அங்கே எங்கும் காணோம். போனைக் கீழே வைத்தாள்.

பம்பாய்க்காரியிடம் பேச ரத்தினபாய் விடவில்லை, நீ எதையாவது சொல்லி அவளைப் பயமுறுத்திடாதே, பாலூட்டுறவ என்றாள். ரத்தினபாய் அப்போது பேரனுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிவைத்திருந்தாள், அனுப்ப விலாசமில்லாமல் தபால்காரர் திருப்பிக் கொடுத்திருந்தார். ஒரு சாயங்காலம் அம்மா குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது, எப்சிபா எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"அம்மா இல்ல. நான்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "உன் குரல் இப்படியா இருந்துச்சு" என்றாள் அவள்.

எப்சிபா அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் பயம்," என்றாள் எப்சி பம்பாய். "நீ எந்த நிமிஷம் என்ன நினைப்பியோன்னு பயம். இவர் செருப்பைக் கழட்டுற சத்தத்துக்குப் பயம். வேலைய விடச் சொல்லி ஒரு வருஷமாச்சு. பூட்டிட்டுத்தான் வெளிய போவாரு. இந்தப் போன ஒளிச்சு வச்சிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிராதே."

"அப்ப நான் அங்க வந்தா..."

"வராதே."

எப்சிபா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "பிள்ளை?" என்றாள்.

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் நின்றது. "நேத்துதான் எந்திரிச்சு நின்னான். ஆளைப் பிடிக்காம. நான் வரச் சொன்னா அவனுக்காகத்தான் சொல்லணும், சொல்லிருவேனோன்னு பயமா இருக்கு, அதுக்கு முன்னால நான் வச்சிருதேன். நீ ஒண்ணு மட்டும் செய். அவன் பேர எங்கயாவது எழுதி வை. மையால எழுது."

எப்சிபா போனைப் பாவாடையில் பொதிந்துகொண்டு அங்கேயே இருந்தாள். மறுநாள் காலை அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, சென்னைக்குப் போகிறேன் என்றாள்.

ரத்தினபாய் மகளை அதுவரை அடித்ததில்லை. அன்று கை ஓங்கி, பாதியில் கீழே விட்டாள். "அங்க நீ செத்துக் கெடக்கேட்டி. ஊரே வந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருக்கு. உயிரோட இருக்கிற ரெண்டு பேர விட்டுட்டு, பால்குடிப் பிள்ளைய விட்டுட்டு அங்க போறேங்கியே."

"செத்தேன்னு யாருக்கும்மா தெரியும்? பேசல, அவ்வளவுதான தெரியும்."

"பின்ன பேசாம எதுக்கு இருப்பே?"

"தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா மத்த ரெண்டு ஊர்லயும் என்ன நடக்கும்னு தெரிஞ்சே போகணும். அத என்னால முடியாது."

பம்பாய்க்காரி சொன்னதை அவள் அம்மாவிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அம்மாவின் வெறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, கடையிலேயே போய், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் சென்னைக்குச் சம்மதமும் மற்ற இரண்டுக்கும் மன்னிப்பும் எழுதி அனுப்பினாள். அனுப்பிய சற்று நேரத்தில் எப்சி பெங்களூர் கூப்பிட்டு, உங்கள் நேரத்துக்கு நன்றி என்று சொல்லி வைத்தாள். எப்சி பம்பாய் கூப்பிடவில்லை. ரத்தினபாய் அந்த எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்று மூன்று பாஷையில் பதில் வந்தது.

ஊர் அதையும் தனக்குத் தெரிந்த விதத்தில் ஏற்றுக்கொண்டது. கோயில் மணியைச் சாவு மணியாக இரண்டு பேருக்கு அடித்தார்கள், குழந்தைக்குத் தனியாக ஒற்றை மணி. பிறப்புப் பதிவேட்டில் எழுதுவதா இறப்புப் பதிவேட்டில் எழுதுவதா என்று போதகர் யோசித்துவிட்டு ஞானஸ்நானப் பதிவேட்டில் யாபேஸ், தாய் எப்சிபா என்று மைப்பேனாவால் எழுதினார். எழுதும்போது எப்சிபா பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். கொலுசை ரத்தினபாய் யாரிடமும் கொடுக்கவில்லை. மகள் பஸ் ஏறிய அன்று அவள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வழியனுப்ப வரவில்லை. தங்கராஜ்தான் விசில் ஊதினார்.

சென்னையில் எல்லாம் சொன்னபடியே இருந்தது, உப்புத் தண்ணீர், வேளச்சேரி அறை, நல்லாப் பழகிய இரண்டு பெண்கள், தண்ணீர் லாரி. அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டினாள். தினமும் அம்மாவைக் கூப்பிட்டாள், முதல் நான்கு மாதம் ரத்தினபாய் எடுத்து ம் என்று மட்டும் சொல்லி வைத்தாள், பிறகு ஒருநாள் சாப்ட்டியா என்று கேட்டாள். வார்டில் தினமும் பார்த்த ஒரு கிழவர் ஒருநாள் வரவில்லை. அன்றிரவு அவள் அதை அம்மாவிடம் சொன்னாள், சொல்லும்போதே இதை அம்மா முன்பே கேட்டிருக்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது வருடம் பிறந்ததும் அவள் மெல்ல மெல்ல ஒடுங்கினாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறுவதை நிறுத்தினாள், ஏழு மாடி நடந்தாள். ரயிலில் கதவோரம் நிற்பதில்லை. மிஷினைத் தொடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று மூன்று தடவை பார்த்தாள். புரட்டாசி முடிந்ததும் மழை ஆரம்பித்தது, ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டி அறைக்குள் இருந்தாள், கூட இருந்த பெண்கள் ஏதோ விரதம் என்று நினைத்தார்கள். அம்மாவிடம் மழை என்ற சொல்லை மட்டும் சொல்லவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஐப்பசி மூன்றாம் வியாழன் விடிந்தபோது தெரு தெரியவில்லை, தண்ணீர் முதல் படிவரை வந்திருந்தது. கூட இருந்த பெண்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். எப்சிபா பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தாள். யாரிடமாவது ஒரு வார்த்தை பேசாவிட்டால் இங்கேயே முடிந்துபோவேன் என்று தோன்றியது, வைராக்கியம் போன இடம் தெரியவில்லை, விரல் தானாகப் போனது.

"எம்மா, இங்க மழை பெய்யுது."

"தெரியும். நனைஞ்சிட்டுத்தான் நிக்கேன். கதவத் திற."

முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைமேல் பையோடு ரத்தினபாய் நின்றாள். இத்தனை வருடமும் அந்த வியாழக்கிழமையை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவள், உன் போன் வராத நாள்ல நான் அங்க உக்காந்திருக்க மாட்டேன் என்று மகளிடம் சொன்னாள், என்ன வருதோ எனக்கும் சேத்து வரட்டும்னு வந்துட்டேன் என்று சொன்னாள், சொல்லிவிட்டு, நீ சாப்ட்டியாட்டி என்று கேட்டு அடுப்பைத் தேடினாள்.

அன்று முழுவதும் இருவரும் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தண்ணீர் வடிந்தது. ரத்தினபாய் ஊருக்குத் திரும்பவில்லை, கடையைச் செல்லக்கனி பார்த்துக்கொண்டாள், தை மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தங்கராஜ் முதல்முறையாகத் தானே மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தார். அதன்பிறகு எப்சிபா அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டிய தேவையே வரவில்லை, ஒரே அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவளுக்கு யார் போன் பண்ணுவார்கள். இதைப் பெத்தேல்விளையில் கேட்டபோது ஃபிளாஸ்க் கொண்டுவந்த பெண்கள் போதகரிடம் போய்ச் சென்னையை மறுபடி ஜெபத்தில் சேர்க்கச் சொன்னார்கள்.

பயம் போய்விட்டதென்று சொல்ல முடியாது. நான்காவது வருடத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் போனில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்குப் போக வேளச்சேரி மெயின் ரோட்டைக் கடக்கும்போது ரத்தினபாய் மகளின் மணிக்கட்டை நரம்பு புடைக்கப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஒன்று போனது, லாரி ஒன்று போனது, ஒரு இடைவெளி வந்தது. இப்ப போலாமா என்று எப்சிபா கேட்டாள். தெரியலியேட்டி என்றாள் ரத்தினபாய். இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள்.